டோக்கன் சேலை

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து மதுரை. பல்கலைக்கழக வாசலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா" என்றார். "நான்தான் படிக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நாற்பத்தேழு வயதில் படிக்க வந்தால் இப்படித்தான்.

வகுப்பில் இருபத்தாறு பேர். என்னைத் தவிர எல்லாரும் முப்பத்தைந்துக்குள். பாடம் எடுக்கும் டாக்டர் மெர்சி பிரபா என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனால் குரல் தலைமையாசிரியை குரல். படிப்பு, பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகள். திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஏழு மணிக்கு ஆன்லைனில். ஒன்று விட்டு ஒரு ஞாயிறு மதுரையில் நேரில். மே கடைசியில் பரீட்சை.

கம்பெனிதான் கட்டணம் கட்டியிருக்கிறது. நாங்கள் பாண்டேஜ் துணியும் காயத்தில் வைக்கும் காஸ் துணியும் நெய்து, வெளுத்து, பாக்கெட் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். இப்போது நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று எங்களிடம் நாற்பது சதவீதப் பங்கு வாங்கப் போகிறது. அவர்களுக்குக் கணக்கு இந்தத் தரநிலைப்படி வேண்டும். முதலாளியின் மகன், சின்னவர் கிரிதரன், நேரடியாகவே சொல்லிவிட்டார்: "பாஸ் பண்ணி, கணக்கையும் நல்லபடியா முடிச்சுக் குடுத்தா நீங்கதான் நிதித் தலைவர் கலாக்கா. இல்லைன்னா சென்னையிலருந்து ஒரு சி.ஏ. வருவார், நீங்க அவருக்குக் கீழ." இருபத்தைந்து வருஷமாக அந்தக் கம்பெனியின் கணக்கு என் கையில் இருக்கிறது. யாருக்கும் கீழே உட்காரும் உத்தேசம் எனக்கு இல்லை.

வாராவாரம் என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று கற்றல் குறிப்பேடு எழுதித் தரவேண்டுமாம். அதற்குப் பத்து மார்க். அதற்குத் தனி நோட்டு போட்டுவிட்டேன். இது எனக்கு.

ஜனவரி 22, புதன்

ஆன்லைன் வகுப்பில் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். "மூணு விசில் வந்தா அடுப்பை அணைக்கத் தெரியாதா, கரண்ட்டுக் கம்பத்துல மட்டும் ஏறத் தெரியுதா" என்று வீட்டுக்காரரைக் கேட்டது இருபத்தைந்து பேருக்கும் கேட்டுவிட்டது. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் என்பது இப்போது தென்மாவட்டம் முழுக்கத் தெரியும். தேனியில் ஏலக்காய் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹாஜா என்ற பையன் சாட்டில், "அக்கா, பருப்பு வெந்துடுச்சா" என்று எழுதினான். முப்பது வயது, வாய் அறுபது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று மெர்சி மேடத்தோடு ஒரு மல்லுக்கட்டு.

"சரக்கை வித்தாச்சுன்னு பில் இருக்கு. ஆனா மூணு மாசத்துல அதே சரக்கை அதே ஆள் திருப்பி வாங்கியே ஆகணும்னு பேச்சு. இது விற்பனையா?" என்று கேட்டார்.

"பில் இருக்கே மேடம்" என்றேன்.

"பில் இருக்கு. விற்பனை இல்ல. சரக்கை வச்சுக் கடன் வாங்கியிருக்காங்க. காகிதம் என்ன சொல்லுதுன்னு பார்க்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு பாருங்க."

இருபத்தைந்து வருஷம் காகிதத்தை நம்பித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வவுச்சர் இல்லாமல் ஒரு டீக்கு விட்டதில்லை. திரும்பி வரும் வழியில் கிருஷ்ணன்கோவில் வரை மனசுக்குள்ளேயே மேடத்தோடு சண்டை போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. பால்கோவா கால் கிலோ வாங்கினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கம்பெனியில் டோக்கன் நாள். ஒன்பது பெண்களுக்குப் புது டோக்கன்.

வெளியாளுக்குப் புரிய எழுதிவைக்கிறேன். எங்களிடம் ஒருவர் நாலரை வருஷம் வேலை பார்த்ததும் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். பதினைந்து நாள் வீட்டில் இருப்பார். பிறகு புது டோக்கன் நம்பரில் புது ஆளாகச் சேருவார். அதே மேஜை, அதே வேலை. சேரும் நாளில் கம்பெனி ஒரு சேலை கொடுக்கும். சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால் பணிக்கொடை கொடுக்க வேண்டும், அந்த ஐந்து வருஷம் எங்களிடம் யாருக்கும் ஆவதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்வதுதான். முதலாளிக்கு யாரோ சொன்ன யோசனை.

பெண்களுக்கு அது ஒரு விசேஷம் மாதிரி. பேக்கிங் செக்‌ஷன் இசக்கியம்மாள்தான் எப்போதும் சேலைக் கட்டைப் பிரித்துக் கலர் பார்த்துக் கொடுப்பாள். "இவ கருப்பா இருக்கா, இவளுக்குப் போயி பச்சையா? அந்த மாம்பழக் கலரை எடுங்க மேடம்" என்று அதிகாரம் பண்ணினாள். அவளே மாம்பழக் கலர் கேட்கிற நிறம்தான். சிரித்துவிட்டோம்.

சேலை ரிஜிஸ்டரில் எழுதி முடித்தேன். பழைய டோக்கன், அதில் சேர்ந்த தேதி, புது டோக்கன், பெயர், சேலை விலை, கையெழுத்து. தொழிலாளர் நலச் செலவு என்று எழுதினால் ஆடிட்டர் ஆதாரம் கேட்பார் அல்லவா.

பிப்ரவரி 12, புதன்

ஆன்லைன் வகுப்புக்குப் போகவில்லை. நெட் இல்லை என்று எழுதி அனுப்பினேன். நெட் இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைய பாடம் பணியாளர் பலன்கள். தரநிலை எண் பத்தொன்பது.

மேடம் சொன்னது: "ஒருத்தர் உழைக்கிற ஒவ்வொரு வருஷமும் கம்பெனி மேல கடன் ஏறுது. கொடுக்கிற அன்னிக்கு இல்ல. உழைக்கிற அன்னிக்கே."

தலைவலி. குறிப்பு அதிகம் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லிகைப் பூ வீட்டுக்கு வருவதற்குள் வதங்கிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

இடைத்தேர்வில் 71. வகுப்பில் மூன்றாவது இடம். வீட்டுக்காரர் கேசரி கிண்டினார். அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் சாப்பிட்டேன். சின்னவரிடம் சொன்னதும், "நிதித் தலைவர் ரூமுக்கு ஏ.சி. மாட்டச் சொல்லிடுறேன்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

குழுவாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு நிஜக் கம்பெனியின் கணக்கை எடுத்து, முதன்முறையாகப் புதுத் தரநிலைக்கு மாற்றுகிற தொடக்க இருப்புநிலைக் குறிப்பு போட வேண்டும். என் குழுவில் ஹாஜாவும் இன்னும் இரண்டு பேரும். எங்கள் கம்பெனிக் கணக்கையே தருகிறேன் என்று போன வாரம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஆட்களின் பெயரை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பேங்க் அக்கவுண்ட் நம்பரை அழிக்க மறந்துவிட்டேன்.

ஹாஜா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பாதித் திரை சிவப்பாக இருந்தது.

"அக்கா, வேலையை விட்டவங்க லிஸ்ட்ல இருக்குற அக்கவுண்ட் நம்பர், பதினஞ்சு நாள் கழிச்சுச் சேர்ந்தவங்க லிஸ்ட்லயும் இருக்கு."

"டைப்பிங் தப்பா இருக்கும்."

"நூத்திப் பத்தொம்பது பேர்ல நூத்தி நாலு பேருக்காக்கா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஹாஜா சிரிக்கவில்லை. நான் ஃபைலை மூடச் சொன்னேன். வேறு கம்பெனிக் கணக்கு பார்க்கலாம் என்றேன். பின்னால் மெர்சி மேடம் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "இதைப் பத்திக் குறிப்பேட்டுல எழுதுங்க சூர்யகலா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதவில்லை. குத்தகைக் கணக்கில் எனக்கு உள்ள சந்தேகங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

நெதர்லாந்திலிருந்து கடிதம். பணிக்கொடைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஆக்சுவரி ஒருவரை வைத்துக் கணக்கிட வேண்டுமாம். பின்னால் கொடுக்கப் போவதை இன்றைய மதிப்பில் சொல்பவர். சென்னையில் ஒருவரைச் சின்னவரே ஏற்பாடு செய்துவிட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றையும் ஏப்ரல் 10க்குள் நான் அனுப்ப வேண்டும்.

"சேர்ந்த தேதி எதைப் போடுறது?" என்று கேட்டேன்.

"ஃபைல்ல என்ன இருக்கோ அதைத்தான். கடைசி டோக்கன் தேதி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற தேதி எங்கயும் இல்லல்ல கலாக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

சேலை ரிஜிஸ்டர் என் பீரோவில் இருக்கிறது. இருபத்தொரு வருஷத்துக்கு மூன்று நோட்டு. சின்னவருக்கு அது தெரியாது. பழைய நம்பருக்கு எதிரே புது நம்பர் இருப்பதால், ஒவ்வொருத்தியையும் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் முதல் நாளில் போய் நிற்கலாம்.

மார்ச் 27, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன். 'யாரோ சொன்ன யோசனை' என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அந்த யாரோ நான்தான்.

2004ஆம் வருஷம். ஒரு தறிக்காரர் வேலையை விட்டுப் போய், தொழிலாளர் துறையில் மனுப் போட்டு முப்பத்தெட்டாயிரம் பணிக்கொடை வாங்கிவிட்டார். பெரிய முதலாளி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் அப்போது ஜூனியர் கிளார்க், வயது இருபத்தாறு. அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். நாலரை வருஷம், பதினைந்து நாள், புது நம்பர். கையெழுத்துப் போடப் பெண்கள் தயங்குவார்கள், அதனால் ஒரு சேலை கொடுக்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "மூளை இருக்கும்மா உனக்கு" என்றார். அடுத்த மாதம் சீனியர் அக்கவுண்டன்ட் ஆனேன், அறுநூறு ரூபாய் சம்பள உயர்வோடு.

சந்தோஷமாக இருந்தேன். அம்மாவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அதை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இசக்கியம்மாள் சாப்பாட்டு நேரத்தில் என் ரூமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மே மாசத்தோட எனக்கு அம்பத்தெட்டு முடியுது மேடம். போகையில எதுவும் கெடைக்குமா? மருமகன் கேக்காரு. வீட்டு மேல தகரம் மாத்தணும்."

"பி.எஃப். வரும்."

"அது தெரியும். வேற ஒண்ணும் இல்லையா?"

"பாக்கலாம்" என்றேன். அவளுக்கு இப்போது ஐந்தாவது டோக்கன். ஃபைல்படி சேர்ந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அவள் போன பிறகு ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். முதல் டோக்கன் 2003 ஜூன். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்றால் ஆறாயிரம். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். இந்தப் பெருக்கலுக்குப் பன்னாட்டுத் தரநிலை ஒன்றும் தேவையில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மெர்சி மேடத்துக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்களுக்கு என்ன பதில்னு தெரியும். மார்க் போடுறதுக்கு நான் இருக்கேன், தைரியம் குடுக்கிறதுக்கு இல்ல" என்றார். போனை வைத்த பிறகு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு நாள் லீவு போட்டு, ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்து டைப் செய்தேன். 104 பேருக்கும் முதல் டோக்கன் தேதி. வீட்டுக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதை அனுப்பினா அந்த ஏ.சி. ரூம் கெடைக்காதுல்ல?" என்றார். "கெடைக்காது." "நமக்கு ஃபேன் போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஆக்சுவரிக்கு அனுப்பினேன். ரிஜிஸ்டர் பக்கங்களின் போட்டோவும் சேர்த்து. சின்னவருக்கும் ஒரு நகல்.

ஏப்ரல் 10, வியாழன்

சின்னவர் என் ரூம் வாசலைத் தாண்டி நேராகப் போய்விட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

தொகை வந்துவிட்டது. எண்பத்தேழு லட்சம். போன வருஷ லாபத்தில் பாதிக்கு மேல் காலி.

சின்னவர் கதவைச் சாத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூட யூனிஃபார்மில் வந்து என் மேஜையில் ஸ்டேப்ளரை எடுத்து விளையாடிய பிள்ளை.

"வேற தேதி இல்லைன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"அந்த நோட்டு கம்பெனி சொத்து. குடுங்க."

"வாங்கிக்குங்க. எல்லாப் பக்கமும் ஆக்சுவரிகிட்ட போயாச்சு. இந்த நேரம் நெதர்லாந்துக்கும் போயிருக்கும்."

"இந்த யோசனையை அப்பாவுக்குச் சொன்னதே நீங்கதான். அப்பா சொல்லியிருக்காரு. நல்லவங்க வேஷம் போடாதீங்க கலாக்கா."

"ஆமா. நான்தான்" என்றேன். இதை அந்தக் கட்டடத்துக்குள் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஏதாவது எடுத்து எறிவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையைப் பார்த்தேன்.

மே 12, திங்கள்

நெதர்லாந்துக்காரர்கள் ஓடிவிடவில்லை. வியாபாரிகள் அல்லவா, பங்கு விலையில் அந்த எண்பத்தேழு லட்சத்தைக் கணக்கில் வைத்துக் குறைத்துக்கொண்டார்கள். இனி ஓய்வு பெறுகிற எல்லாருக்கும் முதல் நாளிலிருந்து கணக்கிட்டுப் பணிக்கொடை கொடுக்க வேண்டும், டோக்கன் மாற்றுவதை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தார்கள். சின்னவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் 2 அன்று சென்னையிலிருந்து சி.ஏ. வருகிறார். வயது முப்பத்தொன்றாம். எனக்குப் பழைய நாற்காலி. வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்பினால் எனக்கும் பணிக்கொடை கொடுக்க வேண்டும். அழுகை வந்தது. அழுதேன். எனக்கு அந்தப் பதவி நிஜமாகவே வேண்டியிருந்தது.

மே 25, ஞாயிறு

பரீட்சை. ஐந்தாவது கேள்வி பணியாளர் பலன்கள். மூன்று பக்கம் எழுதினேன். ஹாஜா ஏலக்காய் கால் கிலோ கொண்டுவந்து கொடுத்தான், காசு வாங்க மாட்டேன் என்றான்.

மே 30, வெள்ளி

இசக்கியம்மாளுக்குக் கடைசி நாள். நாளைக்கு லீவு என்பதால் இன்றே மாலை போட்டு, போட்டோ எடுத்து, சின்னவர் கையால் காசோலை கொடுத்தார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். காசோலையை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு லெச்சத்து முப்பத்தி ரெண்டாயிரமாம். நம்பர் ஏதும் தப்பா விழுந்துருச்சா மேடம்? எனக்கு இது அஞ்சாவது டோக்கன்தான. நாலு வருசம்கூட ஆகலயே."

"டோக்கன்தான் மாறுச்சு இசக்கி. நீ எங்கயும் போகலயே. இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வந்திருக்கு."

அவள் காசோலையை மடிக்காமல் பர்ஸில் வைக்கப் பார்த்தாள், கொள்ளவில்லை. நான் சொல்லிவிட்டேன். டோக்கன் மாற்றுகிற யோசனை என்னுடையது, சேலையும் என்னுடையது, இந்தப் பணத்தைத் தராமல் இருப்பதற்காகத்தான் அந்தச் சேலை என்று. மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "நாலு சேலை" என்றாள். "ஒண்ணை எம்மவ கல்யாணத்துக்குக் கட்டுனேன். உங்களுக்குத்தான் மொதப் பத்திரிக வச்சேன்."

"ஞாபகம் இருக்கு."

"கருப்பாயி அப்பவே சொன்னா. சேலையக் குடுத்துட்டு எதையோ எடுக்காகன்னு. நாங்க எல்லாம் சேந்து அவளத்தான் ஏசுனோம்." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அவளுக்கு எப்ப வரும்?"

"யாருக்கு?"

"கருப்பாயிக்கு. கொரோனாவுக்கு முன்ன நின்னுட்டால்லா. பதினாறு வருசம் பாத்தா. இப்பக் கண்ணு தெரியல அவளுக்கு."

"லிஸ்ட்ல இல்ல."

"ஏன் இல்ல?"

இப்போது வேலையில் இருப்பவர்களைத்தான் ஆக்சுவரி கேட்டார், நெதர்லாந்துக்காரர்கள் கேட்டார்கள், நானும் அதைத்தான் டைப் செய்தேன். 104 பேர். ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர்கள் 361. டைப் செய்த இரண்டு நாளும் மற்ற வரிகளின் மேல் ஸ்கேலை வைத்து மறைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

"பேனா இருக்கா?" என்றாள்.

இருந்தது. பையில் கிடந்த கற்றல் குறிப்பேட்டின் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் இருந்தன.

"எழுதுங்க. நான் சொல்லுதேன். கருப்பாயி, பதினாறு வருசம். தங்கபுஷ்பம், ஒம்பது, இப்பத் திருப்பூர்ல இருக்கா. பேச்சித்தாய், பதினொண்ணு. குருவம்மா, பன்னெண்டு. செத்துப்போனா, மவன் இருக்கான், அவனுக்குக் குடுக்கலாம்லா?"

"குடுக்கணும்" என்றேன். எழுதினேன்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்தார். இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெயரைச் சொன்னாள்.